தடுக்கும் குஷனும்

திருக்கழுக்குன்றத்தில் நாங்கள் இருந்த வீட்டுக் கூடத்தில் காவி போட்ட சிமெண்ட் தரை. சாப்பாட்டு வேளையில் பெரியவர்களுக்கு மணை, பிள்ளைகளுக்குப் பனையோலைத் தடுக்கு. வந்தவாசிக் கோரைப்பாய் விருந்தாளிகளுக்கும் உறக்கத்துக்கும் மட்டும். ரசத்தைக் கவிழ்க்காத பிள்ளை அந்தக் கூடத்தில் கிடையாது. கவிழ்த்ததற்காகத் திட்டு வாங்கிய பிள்ளையும் எனக்கு நினைவில் இல்லை. அம்மா ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிடுவாள். தடுக்கு நனைந்தால் கிணற்றடியில் அலசி வெயிலில் சாய்த்து வைப்பாள். இற்றுப்போனால் பக்கத்துத் தெருக் கிழவி புதிதாக ஒன்று முடைந்து தருவாள். அந்தப் பக்கமெல்லாம் பனை, ஓலைக்குப் பஞ்சமில்லை.

பிறகு, 1980களில், ஒயர் நாற்காலி வந்தது. இரும்புச் சட்டம், பிளாஸ்டிக் ஒயர்ப் பின்னல். சிந்தியது பின்னல் வழியே கீழே போய்விடும். முற்றத்தில் போட்டு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது.

இப்போது மாமல்லபுரத்துக்கு அருகே, கடற்காற்று நேராக வந்து மோதும் மகன் வீட்டில், ஆறு நாற்காலிகள். இருக்கையில் சந்தன நிறத் துணி, உள்ளே ஸ்பாஞ்சு. பேத்திக்கு மூன்று வயது. அவள் ஒவ்வொரு வாய் எடுக்கும்போதும் யாராவது ஒருவர் “பார்த்து, பார்த்து” என்கிறோம். குழந்தை சோற்றைப் பார்ப்பதை விட்டுவிட்டு இருக்கையைப் பார்க்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சிந்தாமல் சாப்பிட மூன்று வயதில் யாருக்கும் கை வராது. நாற்காலியைத்தான் அவளுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும்.

இருக்கையைத் தலைகீழாகப் பார்த்தால் அடியில் நான்கு திருகாணிகள். கழற்றினால் மெத்தை தனியாக வந்துவிடும். அதன் மேல் ரெக்ஸினையோ கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பையோ சுற்றி இழுத்து, மூலைகளை மடித்து, அடிப்பலகையில் பின் அடித்துத் திரும்பப் பொருத்தலாம். வெறும் பிளாஸ்டிக் சித்திரை வெயிலில் தொடையில் ஒட்டும். அதனால் மேலே ஒரு பழைய பருத்தித் துண்டு. அதைத் தினமும் துவைத்துவிடலாம்.

ஏற்கெனவே பட்ட கறைக்கும் வழி உண்டு. பால் சிந்தினால் குளிர்ந்த தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் பாலின் புரதம் இறுகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும். சாம்பார் அப்படியல்ல. மஞ்சளின் நிறம் தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரையும், தாளித்த எண்ணெயோடு சேர்ந்து நூலுக்குள் இறங்கிவிடும். தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். சோப்பு போட்டதும் கறை சிவந்தால் பதற வேண்டாம். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் சிவக்கிறதே, அதே காரத்தன்மை சோப்பிலும் இருக்கிறது. அலசிவிட்டு வெயிலில் வைத்தால் மஞ்சள் தானே வெளுக்கும். குழந்தைத் துணிகளை அம்மா சவுக்கு வேலி மேல் விரித்துப் போட்டது இதற்காகவும்தான்.

கழற்றிய மெத்தையையும் அப்படியே வெயிலில் வைக்கலாம். கடலோரத்தில் இது அவசியம். உப்புக் காற்றில் ஈரம் எப்போதும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த ஸ்பாஞ்சு நாள்கணக்கில் காயாது. நாற்றம் வரும், பூஞ்சையும் வரும். திருகாணி துருப்பிடிக்கும் என்பதால் பொருத்தும்போது ஒரு சொட்டு எண்ணெய் விடுவது நல்லது.

விரிப்பு சுற்றிய நாற்காலியை மருமகள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“விருந்தாளி வந்தா இப்படியேவா அத்தை உட்கார வைக்கிறது?”

“அவங்க வர்ற அன்னிக்குக் கழட்டிக்கலாம்மா. இவ தினமும் சாப்பிடறாளே.”