டிராகன் செத்த வீட்டுல பாகப்பிரிவினை

ஏலேய், கில்டு லீடர் ஆயிட்டியாமே! சந்தோசம். உங்க அம்மை நீ ஆபீசுலதான் ஏதோ பெரிய பதவிக்கு வந்துட்டேன்னு தெருவுல நாலு வீட்டுக்கு இனிப்பு குடுத்துட்டா. நான் திருத்தலை. 40 பேரக் கட்டி மேய்க்கப் போற, சம்பளம் கெடையாது, ஏச்சு மட்டும் தெனமும் உண்டு. அதுவும் பதவிதான்.

தாத்தனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு சிரிக்காத. ராத்திரி ஒரு மணிக்கு நீ காதுல மாட்டிக்கிட்டு ‘ஹீல் பண்ணு, ஹீல் பண்ணு’ன்னு அலறும்போது இந்த வீட்டுல எவன் தூங்குதான்? உன் முதுகுக்குப் பின்னால கட்டில்ல கெடந்து அம்புட்டையும் பாத்தவன் நான். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ல மோல்ட்டன் கோர்னு ஒரு நெருப்புக் குகை. பத்துப் பூதம். கடைசியில கால் இல்லாம நெருப்புக் கொழம்புக்குள்ள இருந்து எந்திரிக்கிற ராக்னராஸ். ஒருக்க அடிச்சுட்டா அந்த வாரம் முழுக்க மறுபடி அடிக்க முடியாது. 40 பேரு சேந்து ஒரு பூதத்தச் சாய்ச்சா விழுகது ரெண்டு மூணு சாமான். நல்ல சாமானா இருந்தா எடுத்தவன் உடம்போட ஒட்டிக்கிடும். விக்க முடியாது, நாளைக்கு மனசு எரங்கி இன்னொருத்தனுக்குத் தூக்கிக் குடுக்கவும் முடியாது.

இங்ஙனதான்லே இருக்கு வெவகாரம். பூதத்த அடிக்கது சின்ன வேல. 2004-ல வந்த ஆட்டத்தத் தூசி தட்டி 2019-ல கிளாசிக்குன்னு மறுபடி வுட்டாவள்லா, முத வாரத்துலயே ராக்னராஸைப் படுக்க வெச்சுட்டானுவ. எங்க நிக்கணும், எப்ப ஓடணும்னு எல்லாம் எல்லாவனுக்கும் மனப்பாடம். ஆனா விழுந்த சாமானை யாருக்குக் குடுக்கதுன்னு மட்டும் இன்னிக்கு வரைக்கும் ஒருத்தனும் தீத்து வெச்சபாடில்ல.

நம்ம ஊர்ல தீவாளிக்குப் பங்குக் கெடா அடிப்போமே, பாத்திருக்கேல்லா? ஆட்டைத் தொடுகதுக்கு முந்தியே எத்தன பங்கு, யாரு யாருக்குன்னு பேசி முடிச்சிருவோம். அறுத்தவன் ஓலையில கூறு வெப்பான். ஈரலும் எலும்பும் எல்லாக் கூறுலயும் விழும். கூறு வெச்சவன் கடைசிக் கூறைத்தான் எடுக்கணும். அதனால எப்பேர்ப்பட்ட சண்டியரும் அங்ஙன வாயத் தெறக்க மாட்டான். உன் பாடு அதவிடக் கேவலம். ஒரு வாளை 40 கூறு போட முடியாது. ஒருத்தன் இடுப்புல தொங்கும், மிச்ச 39 பேரும் ‘கங்கிராட்ஸ்’னு தட்டிட்டுப் பல்லக் கடிச்சுக்கிடணும். ஆனா முன்னாடியே பேசுகதும் கடைசியில எடுக்கதும் உனக்கும் ஆகும். அத அப்புறம் சொல்லுதேன், மொதல்ல உங்க ஆளுவ என்னென்ன கூத்தெல்லாம் ஆடிப் பாத்தாவன்னு கேளு.

முதல்ல உருட்டுனானுவ. 1-ல இருந்து 100-க்குள்ள, பெரிய நம்பர் வந்தவன் எடுத்துக்க. தேவைப்படுதவன் ‘நீட்’ அமுக்கணும், சும்மா கெடைச்சா சரின்னு இருக்கவன் ‘கிரீட்’ அமுக்கணும். எல்லாப் பயலும் நீட்தான் அமுக்குதான். அதுலயும் அந்த ஹண்டர் இருக்கானே, வில்லு அவனுக்கு, ஈட்டி அவனுக்கு, கோடாலி அவனுக்கு, உலகத்துல உள்ள ஆயுதம் பூராவும் ஹண்டருக்குத்தான்னு ஊரே சிரிக்கும். கூத்தே அது இல்ல. வாராவாரம் தவறாம வந்து செத்துச் செத்துப் பொழச்சவன் 14 உருட்டுவான். எவனுக்கோ மச்சினன்னு அன்னிக்கு மட்டும் வந்தவன் 98 உருட்டித் தூக்கிட்டுப் போயிருவான். பகடைக்கு வஞ்சகம் இல்லதான், ஆனா நன்றியும் கெடையாது.

அந்த வயித்தெரிச்சல்ல பொறந்ததுதான் டிகேபி. 1999-ல எவர்குவெஸ்டுன்னு ஒரு ஆட்டம். அதுல நாகஃபென் பிரபுன்னு ஒரு டிராகன், வாக்ஸ் சீமாட்டின்னு ஒரு டிராகன். ஆஃப்டர்லைஃப்ங்க கில்டுல தாட்னு புனைபேருல இருந்தவரு ஒரு பேரேடு போட்டாரு. டிராகன் அடிக்க வந்தா புள்ளி ஏறும், சாமான் எடுத்தா எறங்கும். டிராகன் கில் பாயிண்ட்ஸ்னு பேரு. ஆட்டத்த விக்கவன் இதச் செஞ்சு குடுக்கலை, பாத்துக்க. ஆடுதவனே சொந்தமா நாணயம் அடிச்சான், ஏலம் வுட்டான், வரவு செலவு எழுதினான். எட்வர்டு காஸ்ட்ரோனோவான்னு ஒரு அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியரு, ஒரு சட்டப் பேராசிரியரைக் கூட்டுச் சேத்துக்கிட்டு, இதப் பத்தி ஆய்வுக் கட்டுரையே எழுதிட்டாரு. உங்க அப்பன் அடுத்த தடவ ஏசும்போது இதச் சொல்லிப் பாரு. அப்பயும் ஏசுவான், ஆனா கொஞ்சம் கொழம்பிப் போயி ஏசுவான்.

புள்ளி நல்ல ஏற்பாடுதான். ஆனா புள்ளின்னு வந்தா பதுக்கல் வராம இருக்குமா? முன்னாடியே சேந்தவன் புள்ளிய மூட்டையாக் கட்டி வெச்சுக்கிட்டுக் காத்திருப்பான். புதுப்பய ரெண்டு மாசம் மாடா ஒழைச்சாலும் நல்ல சாமான் விழுந்த அன்னிக்கு மூட்டைக்காரன் எழுந்திரிச்சு ஒரே கேள்வியில முடிச்சிருவான். ரெண்டு பூசாரி ரகசியமாப் பேசி வெச்சுக்கிட்டு, ‘இது எனக்கு, அடுத்தது உனக்கு’ன்னு அடிமாட்டு வெலைக்கு ஏலம் எடுக்கதும் உண்டு. பூசாரின்னா நான் உங்க ப்ரீஸ்ட்டத்தான் சொல்லுதேன், நம்ம கோயில் பூசாரிய இல்ல. அவருகிட்டப் போயி ஓதி வெச்சிராத.

அதுக்கு ஒட்டுப் போட்டாவ. ஒருத்தன் குடுத்த புள்ளிய அன்னிக்கு வந்த எல்லாருக்கும் பகுந்து குடு, கணக்கு எப்பவும் பூச்சியத்துல நிக்கட்டும்னு ஒரு கூட்டம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா புதுப் பூதத்துகிட்ட ராத்திரி பூரா அடி வாங்கிப் பாடம் படிக்க அன்னிக்கு சாமானும் விழாது, புள்ளியும் விழாது. அடுத்த நா எவன் வருவான்? நெட்வொர்க் சரியில்ல, பாட்டிக்கு மேலுக்கு முடியலைன்னு வரிசையாச் சாக்கு வரும். இன்னொரு கூட்டம் ஈபிஜிபின்னு, ஒழைப்ப எடுத்த சாமானால வகுத்து, கூட வந்தவனுக்குன்னு வெச்சது. வாராவாரம் ரெண்டு பக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சமாத் தேய வுட்டிருவானுவ, அதனால மூட்டை கட்ட முடியாது. என்னக் கேட்டா கணக்குல இதுதான் கெட்டிக்காரக் கணக்கு. சூசைடு கிங்ஸ்னு ஒண்ணு, சாமான் எடுத்தவன் பட்டியல்ல கடைசிக்குப் போவணும். அதுல ஒவ்வொருத்தனும் மேல நிக்க ஆசப்பட்டு வந்த நல்ல சாமானையும் வேண்டாம்பான்.

இந்தக் கணக்கு ஒண்ணும் வேண்டாம், நாங்களே முடிவு பண்ணுதோம்னு அஞ்சு பெரிய மனுசன் உக்காந்தா அதுக்குப் பேரு லூட் கவுன்சில். எய்யா, உன் ஆளுவ இதத்தான் கேக்கானுவன்னு எனக்குத் தெரியும். இதுல உள்ள நல்லதையும் சொல்லிருதேன். கணக்குக்கு யாரு வந்தான், யாரு வரலைங்கதுதான் தெரியும். யாரு கையில குடுத்தா அடுத்த பூதம் சாயும்ங்கது மனுசனுக்குத்தான் தெரியும். முன்னால நிண்ணு அடி வாங்குத டேங்குக்கு நல்ல கவசம் இருந்தாத்தான் மிச்ச 39 பேரும் உசுரோட இருப்பான். பெரிய பூதத்தத் துரத்துத கில்டு அனேகமா கவுன்சில்தான் வெச்சிருக்கும்.

ஆனா தேன் எடுத்தவன் புறங்கைய நக்காம இருப்பானாடே? லீடருக்கு ஒண்ணு, லீடரோட கூட்டாளிக்கு ஒண்ணு, லீடர் கட்டிக்கப் போற புள்ளைக்கு ஒண்ணு. அந்தப் புள்ள நெசமாவே நல்லா ஹீல் பண்ணும், யாரு நம்புவா?

இப்ப உன் சங்கதிக்கு வாரேன். தண்டர்ஃபியூரி. அந்த வாளுக்கு ரெண்டு பாதி. ஒண்ணு கார் கிட்ட விழணும், இன்னொண்ணு பாரன் கெடன் கிட்ட விழணும்; வருசக்கணக்கா அடிச்சும் ஒரு பாதியோட நிக்கவன் எத்தனையோ பேரு. ரெண்டும் விழுந்தாலும் போதாது, ராக்னராஸ்கிட்ட இருந்து ஒரு சாமான், 10 எலிமென்டியம் கட்டி, அந்தக் கட்டியச் செய்யவே 100 ஆர்க்கனைட் கட்டி. தனி ஒருத்தனால சுளுவா ஆகுத காரியமா? கில்டு பூராவும் கல்லு பொறுக்கி, காசு போட்டு, ஒருத்தன் கையில குடுக்கணும். அவன் அத வாங்கிக்கிட்டு அடுத்த மாசம் பெரிய கில்டுக்குத் தாவுனான்னா அம்புட்டும் போச்சு.

அதனால யாரு நல்லா ஆடுதாங்கத அப்புறம் பாரு. யாரு ஊர விட்டுப் போக மாட்டான்னு மொதல்ல பாரு. பரீட்சை இருக்கா, வேல மாறப் போறானா, வீட்டுல பொண்ணு பாக்காவளான்னு நைசா விசாரி. கல்யாணம் நிச்சயமான டேங்குக்குத் தண்டர்ஃபியூரி குடுத்து வெளங்குன கில்டு கெடையாது. உன் கில்டுல டேங்கு யாரு? நீதான். உனக்குத்தான் உங்க பாட்டி தென்காசிப் பக்கம் ஒரு வரன் பாத்து வெச்சிருக்கா. ஞாயித்துக்கெழம போறோம், மோல்ட்டன் கோர் இல்ல. ஆகையால அந்த வாளு உனக்குக் கெடையாது ராசா. ரெண்டாவது டேங்கு அந்த ஆவடிப் பயலுக்குக் குடு. நீ கடைசியில எடுத்துக்க. கூறு வெக்கவன் பாடு அதான்.

நீ இன்னொரு யோசனையும் வெச்சிருக்க, மூஞ்சியிலயே தெரியுது. ஜிடிகேபி. சாமானை ஆட்டத்துக்குள்ள உள்ள தங்கக் காசுக்கு ஏலம் வுட்டு, விழுந்த மொத்தத் தொகையையும் வந்தவனுக்கெல்லாம் சமமாப் பிரிக்கது. சாமான் கெடைச்சவனுக்குச் சாமான், கெடைக்காதவன் மடியில காசு. எனக்குமே இது புடிச்சுத்தான் இருந்துச்சு, ஒருத்தனும் வெறுங்கையோட போகலைல்லா. ஆனா அந்தத் தங்கம் எங்கருந்து வருதுன்னு கேட்டா ஒரு பய வாயத் தெறக்க மாட்டான். கள்ளச் சந்தையில நெசப் பணத்தக் குடுத்து வாங்குதான். ஏலத்துல எவன் ஜெயிப்பான்? கையில நெசப் பணம் உள்ளவன். ஆட்டத்த விக்க பிளிசார்டுக்காரனுக்கே பொறுக்கலை. 2024 பிப்ரவரியில சீசன் ஆஃப் டிஸ்கவரியோட ரெண்டாங் கட்டத்துல இதுக்குத் தடை போட்டுட்டான்.

அவனும் சும்மா இருக்கல, தானே பஞ்சாயத்துப் பண்ணிப் பாத்தான். 2018-ல புது ஆட்டத்துல, ஒருத்தன் கையால சாமானைப் பிரிச்சுக் குடுக்குத மாஸ்டர் லூட்டர் முறையையே தூக்கிட்டு, ஒவ்வொருத்தன் பேருக்கும் தனித்தனியா சாமான் விழ வெச்சான். சண்டை ஓஞ்சுது. ஆனா தனக்கு ஆகாத சாமான் வந்தாலும் அத விடச் சின்னது கையில இருந்தா அடுத்தவனுக்குக் குடுக்க முடியாதுன்னான். இப்ப எல்லாவனும் ஒண்ணு சேந்து கம்பெனிய ஏசுனான். 2022-ல மறுபடியும் உருட்டச் சொல்லிட்டான்.

ஆக, எந்த முறையிலயும் சண்டை போகாது, எடம் மாறும். பகடைன்னா அதிர்ஷ்டத்தோட, புள்ளின்னா பழைய ஆளோட, கவுன்சில்னா உன்னோட. உன்னால எந்தச் சண்டையத் தாங்க முடியும்னு பாத்து முறைய எடு. எவனாவது ஏசுனா நீ அழுத பய, அதனால உனக்கு ஈபிஜிபி ஆகும். தண்டர்ஃபியூரி மாதிரி பெருசுக்கு மட்டும் கவுன்சில் வெச்சுக்க. அதையும் குகைக்குள்ள போகதுக்கு முந்தியே எழுதிப் போட்டுரு. தன் சாமான் பேச்சு வந்தா கவுன்சில்காரன் எந்திரிச்சு வெளிய போவணும்; எதுக்குக் குடுத்தோம்னு எல்லாருக்கும் தெரியச் சொல்லணும்.

அப்புறம் உன் கில்டுல ஒரு ரோக் இருக்கானே, எவனுக்கு எது விழுந்தாலும் ‘எல்லாம் ஆளு பாத்துக் குடுக்காவ’ன்னு மூக்கால அழுதுக்கிட்டே இருப்பானே, அவன வெளிய அனுப்பணும்னு நேத்து போன்ல சொல்லிக்கிட்டு இருந்த. அனுப்பாத. ‘உன்ன மாதிரி நேர்மையான ஆளு கில்டுல வேற யாரு இருக்கா’ன்னு ரெண்டு வார்த்த சொல்லி, கணக்கு நோட்ட அவன் கையில குடு. அடுத்த புதன்கெழம அவன ஏச ஹண்டர் வருவான். நீ பாட்டுக்குக் கேடயத்தத் தூக்கிக்கிட்டு முன்னால போயி நில்லு.