இரண்டாம் தளத்தில் நின்ற லிஃப்ட்

அனுப்புநர்: ஐந்தாம் தளத்துக் குடியிருப்பாளர் (கடுகு என்கிற பக் நாய்க்குட்டிக்காக; அவன் இன்னும் கையெழுத்துப் பழகவில்லை)

பெறுநர்: உயர்திரு செயலாளர் அவர்கள், அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கம், சென்னை

பொருள்: லிஃப்டில் சிறுநீர் கழித்தமை – விளக்கம் அளித்தல் – தொடர்பாக

பார்வை: அறிவிப்புப் பலகையில் நான்கு குண்டூசிகளால் அறையப்பட்ட தங்கள் சுற்றறிக்கை

ஐயா,

வணக்கம். 500 ரூபாய் அபராதம் ஏன் விதிக்கக் கூடாது என்று மூன்று நாள்களுக்குள் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். மூன்று நாள் பெரிய மனசு. கடுகுக்கு மூன்று நிமிடம்கூட இதுவரை யாரும் கொடுத்ததில்லை.

தங்கள் சுற்றறிக்கையை நான்கு முறை படித்தேன். செல்லப்பிராணிகள் கட்டடத்துக்கு வெளியே மட்டுமே இயற்கை உபாதையைக் கழிக்க வேண்டும் என்கிறது முதல் விதி. அருமை, எனக்கும் அதுதான் ஆசை. காலை ஆறு முதல் ஒன்பது வரை லிஃப்டில் அவற்றை ஏற்றக் கூடாது என்கிறது இரண்டாவது. புல்வெளி பார்வைக்கு மட்டுமே என்கிறது மூன்றாவது. எந்நேரமும் கழுத்தில் வாரோடு தரையில் நடத்தியே கூட்டிச் செல்ல வேண்டும், தூக்கிச் செல்லக் கூடாது என்கிறது நான்காவது. இந்த நான்கையும் ஒரே நேரத்தில் கடைப்பிடிக்கக் கூடிய நாய்க்குச் சிறகு இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு சொல்ல அனுமதியுங்கள். குட்டியின் வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால், அது அடக்கிக்கொள்ளக்கூடிய மணிநேரம் தோராயமாக வரும் என்பார்கள் நாய் வளர்ப்பவர்கள். கடுகுக்கு மூன்று மாதம், ஆக நாலு மணிநேரம். அதுவும் அசையாமல் தூங்கினால்தான். அவன் எடை இரண்டரை கிலோ. வீட்டில் இருக்கும் சர்க்கரை டப்பா அவனைவிடக் கனம். அந்த உடம்பில் மூத்திரப்பை எத்தனை பெரிதாக இருந்துவிட முடியும்? தூங்கி எழுந்ததும் போக வேண்டும். சாப்பிட்டுக் கால் மணிநேரத்தில் போக வேண்டும். பந்தைத் துரத்தி மூச்சு வாங்கினால் போக வேண்டும். தண்ணீர் குடித்தால் சொல்லவே வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை நான் ஐந்து மாடி இறங்கி ஏறுகிறேன். என் முழங்கால் வலி சங்கத்தின் சந்தாவைவிட வேகமாக ஏறிக்கொண்டிருக்கிறது.

தரையை முகர்ந்துகொண்டே ஒரு வட்டம் போடுவான். அதுதான் முதல் மணி. இரண்டாவது வட்டம் கடைசி மணி. இரண்டுக்கும் இடையில் கதவைத் திறந்து, செருப்பைத் தேடி, லிஃப்டை அழைத்து, அது எட்டாம் மாடியில் யாருடைய மளிகைச் சாமானையோ இறக்கி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். நம்மிடம் இரண்டு லிஃப்ட் உண்டு என்பது கோப்பில் சரி. இன்னொன்று பொங்கலுக்கு முன்பிருந்தே ‘பழுது பார்க்கப்படுகிறது’. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கீழே போனால் வாட்ச்மேன் அண்ணன் நோட்டை நீட்டுவார். பெயர், வீட்டு எண், வெளியேறிய நேரம், நோக்கம். முதல் நாள் நோக்கம் என்ற கட்டத்தில் நான் ‘காலை நடை’ என்று எழுதினேன். இப்போதெல்லாம் அவரே ‘உச்சா’ என்று எழுதிக் கீழே மேற்படிக் குறி போட்டுவிடுகிறார். அந்தப் பக்கத்தைத் தாங்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். சங்கத்தின் ஆவணங்களிலேயே நேர்மையான பக்கம் அதுதான்.

உச்சா என்ற சொல் இதில் முக்கியம். குட்டியை எப்போதும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய், ஒரே சொல்லைச் சொல்லி, அது போய் முடித்த கணமே பாராட்டித் தின்ன ஏதாவது கொடுக்க வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தால் எதற்காகக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. அதனால் நாற்பத்தாறு வயதில், விடியற்காலை ஐந்தேகால் மணிக்கு, வேகவைத்த கோழித் துணுக்குகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “உச்சா போடா கண்ணா, உச்சா” என்று கெஞ்சுகிறேன். நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள் முதல் வாரம் பாதை மாறிப் போனார்கள். இப்போது, “என்ன, ஆச்சா?” என்று விசாரித்துவிட்டுப் போகிறார்கள். அலுவலகத்தில் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தபோது இத்தனை பேர் விசாரிக்கவில்லை.

தெருவுக்குப் போய்த் தொலையேன் என்று கேட்பீர்கள். தடுப்பூசித் தவணை முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதுவரை பிற நாய்கள் நடமாடும் மண்ணில் காலை வைக்க விடாதீர்கள், பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆகவே கடுகின் ஒரே கதி, தாங்கள் பார்வைக்கென்று வளர்க்கும் அந்த மெக்சிகன் புல்லின் ஒரு முழ ஓரம். ‘ரெண்டுக்கு’ப் போனால் பழைய செய்தித்தாளில் அள்ளி எடுத்து வந்துவிடுகிறேன். மேல்மாடி பால்கனிகளிலிருந்து விழும் வாழைப்பழத் தோலைத்தான் இன்னும் யாரும் அள்ளக் காணோம்.

புல்வெளி ஓரம் சாமி படம் போட்ட டைல்ஸைச் செயற்குழு பதித்திருப்பதை அறிவேன். நம் வெளிச்சுவரில் அந்த முறை ஓரளவு பலித்தது உண்மை. பிள்ளையார், மாதா, மெக்கா மூன்றையும் வரிசையாகப் பதித்த பிறகு, ஆட்டோ நிறுத்தும் அண்ணன்மார் நாலடி தள்ளிப் போய் நிற்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு வயது நாற்பதுக்கு மேல், எழுதப் படிக்கவும் தெரியும். கடுகு அந்த டைல்ஸை முகர்ந்து பார்த்தான், குளிர்ச்சியாக இருந்ததால் அதில் கன்னம் வைத்துத் தூங்கிவிட்டான். எழுந்ததும் என்ன செய்வான் என்று மேலே சொல்லியிருக்கிறேன். நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேன்.

வீட்டுக்குள் போய்விட்டால் மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்க்கும்படி பொருளாளர் ஆலோசனை சொன்னார். நன்றி. அப்படித் தேய்க்கப்பட்ட குட்டி, போவது தப்பு என்று கற்றுக்கொள்ளாது, ஆள் பார்க்கப் போவதுதான் தப்பு என்று கற்றுக்கொள்ளும். அப்புறம் சோபாவுக்குப் பின்னால் ரகசியமாகக் காரியத்தை முடிக்கும். கணக்கு வழக்கில் இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

சரி, சம்பவத்துக்கு வருகிறேன். கடந்த பதினோரு நாள்களாகக் கடுகு வீட்டுக்குள் ஒரு சொட்டு விடவில்லை. அன்று காலை ஐந்து ஐம்பதுக்கு, அதாவது தடை நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக, அவனைக் கையில் ஏந்திக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். தூக்கி வைத்திருந்தால் பெரும்பாலும் அடக்கிக்கொள்வான். இரண்டாம் தளத்தில் கதவு திறந்தது. நடைப்பயிற்சிக் காலணியோடு தாங்கள். ஒரு காலைக் கதவிடுக்கில் வைத்துக்கொண்டு, நான்காவது விதியை மனப்பாடமாக ஒப்பித்தீர்கள். இறக்கிவிடச் சொன்னீர்கள். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு இறக்கிவிட்டேன். அவன் ஒரு வட்டம் போட்டான். “சார், மணி அடிச்சாச்சு” என்றேன். தாங்கள் ஐந்தாவது விதிக்குப் போனீர்கள்.

லிஃப்டில் நாயை ஏற்றுவதைக் குடியிருப்போர் சங்கங்கள் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. 1962-ல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் தொடங்கி, நெடுங்காலம் நம் சென்னையிலிருந்தே இயங்கிய வாரியம் அது. அறிவிப்புப் பலகையில் ஒரு குண்டூசி மிச்சமிருந்தால் அதையும் குத்திவைக்கலாம்.

ஆனால் இப்போதைய சிக்கல் சட்டம் அல்ல, பினாயில். லிஃப்டை அன்று பினாயில் ஊற்றித் துடைத்தார்கள். அது நம் மூக்கை மட்டும்தான் ஏமாற்றும். நாயின் மூக்குக்கோ பினாயிலுக்கு அடியில் உள்ள வாசனை அப்படியே இருக்கும், அந்த வாசனை உள்ள இடம்தான் தன் இடம் என்று அது முடிவு கட்டிக்கொள்ளும். அந்த வாசனையைச் சிதைக்க நொதி கலந்த துப்புரவுத் திரவம் வேண்டும், அதைச் சங்கச் செலவில் வாங்கும்படி எழுதிக் கேட்டும் பதில் இல்லை. விளைவு: ஒரே இடம், ஒரே சொல் என்று நான் மூன்று வாரம் பாடுபட்டுக் கற்பித்ததைத் தாங்கள் ஒரே காலையில் கற்பித்துவிட்டீர்கள். லிஃப்ட் இரண்டாம் தளத்தில் நின்று, கதவு திறந்து, தங்கள் குரல் கேட்டால், இப்போதெல்லாம் அவன் என் கையிலேயே நெளிய ஆரம்பிக்கிறான்.

எனவே, அந்தத் திரவம் வந்து சேரும்வரை, காலை ஐந்தரை முதல் ஆறு மணிவரை தாங்கள் மாடிப்படியைப் பயன்படுத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். 500 ரூபாய் இத்துடன் இணைத்துள்ளேன். ரசீதை யார் பெயரில் போடுவது என்பதைத் தாங்களே தீர்மானிக்கலாம்.

இப்படிக்கு,
ஐந்தாம் தளம்

நகல்: வாட்ச்மேன் அண்ணன் (நோட்டில் ஒட்டிவைக்க)