சென்னையில் ஆள் இல்லையா?

மேல்விஷாரத்துக்காரர் ஒருவர் சென்னையில் லாட்ஜில் தங்கினார் என்று தெரிந்தால் ஊர் இரண்டு காரணங்களைத்தான் யோசிக்கும். ஒன்று, சொந்தக்காரர்களோடு பேச்சுவார்த்தை இல்லை. இல்லையென்றால், வெளியில் சொல்ல முடியாத காரியமாகப் போயிருக்கிறார். வேலை சம்பந்தமாக ஒரு பயிற்சிக்குப் போய், இரவு தூங்க ஒரு கட்டில் வேண்டியிருந்தது என்ற மூன்றாவது காரணத்தை எங்கள் ஊர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் மேனேஜர் ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

நான் ஒரு டேனரியில் ஸ்டோர்ஸும் வவுச்சரும் பார்க்கிறவன். கெமிக்கல் டிரம் உள்ளே வருவதும் பணம் வெளியே போவதும் என் மேஜையைத் தாண்டித்தான். இங்கே ஒரு டீ பில்கூட என் டிக் இல்லாமல் பாஸாகாது. அந்தச் சின்ன அதிகாரத்தில் கிடைத்த ஞானத்தைத்தான் எழுதுகிறேன்.

கம்பெனி நம்மைப் பயிற்சிக்கு அனுப்பினால் ஆன்-டியூட்டி உண்டு, பஸ் காசு உண்டு, பேட்டா உண்டு, ரூம் வாடகை உண்டு. நாமாக விரும்பிப் போனால் வாழ்த்து உண்டு. நாமாகப் போகிறோமா, கம்பெனி அனுப்புகிறதா என்பதை நோட்டீஸ் போர்டுதான் முடிவு செய்யும். ‘விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம்’ என்று ஒரு தாள் ஒட்டப்படும். அதன் கீழே நம் பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். சூப்பர்வைசர் கையெழுத்து. கேட்டால், “உனக்குத்தான் ஆர்வம் ஜாஸ்தியாச்சே” என்பார். விருப்பம் இல்லாதவர்களின் பட்டியல் தனியாக ஒன்று உண்டு. அது போர்டில் ஒட்டப்படாது. போனஸ் சமயத்தில் வெளியே வரும்.

பாட்டன் காலத்தில் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. ஆவாரம்பட்டை ஊறிய குழிப் பக்கம் பையனைக் கூட்டிப்போய் நிறுத்தினால் மூக்கே பாதிப் பாடத்தைக் கற்றுக்கொண்டுவிடும். மீதியை மேஸ்திரி திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுப்பார். தங்கும் செலவு இல்லை. தூரம், வீட்டிலிருந்து குழி வரைக்கும்தான். 1948-இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. வந்த புதிதில், “தோலைப் பற்றி நமக்குப் பாடம் எடுக்கிறார்களா?” என்று சிரித்த பெரியவர்கள் இங்கே இல்லாமல் இருந்திருக்க மாட்டார்கள். அந்த நிலையத்தின் இயக்குநராக இருந்த நாயுடம்மா, ஆராய்ச்சி என்பது டேனரிக்குள் வந்து நிற்க வேண்டிய விஷயம் என்று நினைத்தவர். அவர் நம்மைத் தேடி வந்தார். இப்போது நாம் அவருடைய கட்டடத்தைத் தேடிப் போகிறோம். தங்கும் செலவு நம்முடையது.

போகாமல் இருக்கவும் முடியாது. பாதி பதனிட்ட தோலைக் கப்பல் ஏற்றுவதற்கு 1973-இல் அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. முழுசாக ஃபினிஷ் பண்ணக் கற்றுக்கொள்ள வேண்டிவந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர்க் குடிமக்கள் தொடர்ந்த வழக்கில், பாலாற்றைக் கெடுத்தவர்தான் செலவைக் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. கழிவுநீரைச் சுத்திகரிக்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டார். 2015 மே மாதத்திலிருந்து ஐரோப்பாவில், உடம்பில் படுகிற தோல் சரக்கில் கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ குரோமியம் ஆறு இருந்தால் விற்க முடியாது. அந்த மூன்று மில்லிகிராமுக்காகத்தான் ஸ்டோர்ஸ்காரனான எனக்குக் கெமிக்கல் பற்றி ஆர்வம் பிறந்ததாக நோட்டீஸ் போர்டு அறிவித்தது.

மேனேஜரிடம் போய் நின்றேன்.

“சார், ரூமுக்கு…”

“எதுக்கு பாய் ரூம்? சென்னையில உங்களுக்கு ஆள் இல்லையா?”

இந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் சொல்ல மேல்விஷாரத்தில் பிறந்த எவனாலும் முடியாது. பெரியமேடு என்பது எங்களுக்குச் சென்னைக்குள் இருக்கும் இன்னொரு தெரு. தோல் வியாபாரம் நடக்கிற இடம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, விஷாரம் என்று எல்லா ஊர்க்காரரும் அங்கே ஒரு மாடிப்படியிலாவது எதிர்ப்படுவார்கள். எனக்கும் அங்கே சித்தப்பா முறையில் ஒரு சாச்சா இருக்கிறார். ஆள் இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிறார், ஆனால் போக மாட்டேன் என்றால் குடும்பச் சண்டை ஆபீஸ் வரைக்கும் வந்துவிட்டதாக அர்த்தம். ஒரே கேள்வியில் லாட்ஜ் வாடகையை மிச்சம் பிடித்த மேனேஜரின் சாமர்த்தியத்தை எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

இனிமேல்தான் கணக்கு.

சாச்சா வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு போக முடியுமா? ஆற்காட்டைத் தாண்டுகிற விஷாரத்துக்காரன் மக்கன் பேடா வாங்காமல் தாண்டினால் ஏதோ கஷ்டத்தில் இருக்கிறான் என்று பேச்சு வரும். வாங்கினேன். பெரிய பெட்டி, ஏனென்றால் சாச்சிக்கு அக்கம்பக்கம் அதிகம். மக்கன் பேடாவின் அழகே அது பாகில் முங்கிக் கிடப்பதில்தான். உள்ளே முந்திரியும் பாதாமும், வெளியே சொட்டச் சொட்டப் பாகு. பஸ்ஸில் கொண்டுபோகிற பொருளே அல்ல. வாலாஜாபேட்டை வரை பெட்டி நிமிர்ந்திருந்தது. காவேரிப்பாக்கத்தில் டிரைவர் ஒரு பிரேக் போட்டார். ஸ்ரீபெரும்புதூர் வந்தபோது என் பயிற்சி ஃபைலின் நான்கு மூலையும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ‘அபாயகரமான பொருள்களைக் கசியாமல் கையாளும் முறைகள்’ என்ற பக்கத்தைப் பிரித்தெடுக்க கோயம்பேட்டில் தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டிவந்தது. அந்தப் பாட்டிலுக்கும் பில் இல்லை.

சாச்சி வீட்டில் சோற்றுக்குக் குறையில்லை, நேரத்துக்குத்தான் குறை. காலையில் வகுப்பு அடையாறில். நான் இருப்பது பெரியமேட்டில். எட்டு மணிக்குக் கிளம்பினால்தான் முடியும். ஆனால் பாயா கொதிக்க எட்டரை ஆகும். அதைத் தொடாமல் வாசலைத் தாண்டினால் சாச்சி மேல்விஷாரத்துக்கு போன் போடுவார். போட்டார் என்றால் என் அம்மா எனக்குப் போடுவார். “சாச்சி மனசு கஷ்டப்படும்படி என்னடா பண்ணினே?” ஆகவே பாயாவைத் தொட்டுவிட்டு, பஸ்ஸை விட்டுவிட்டு, ஆட்டோவில் போனேன். ஆட்டோக்காரரிடம் பில் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “எழுதிக்க அண்ணே, எவ்ளோ வேணும்னாலும் எழுதிக்க” என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

சாயங்காலம் திரும்பினால் வேறு வேலை காத்திருக்கும். சாச்சாவின் பேரனைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் அவனுக்குக் கணக்கும் சொல்லித்தர வேண்டும். ஊருக்குத் திரும்பும்போது எங்கள் மாமி வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஒரு மிக்ஸி தயாராக இருந்தது. அந்த மிக்ஸிக்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட். அந்த டிக்கெட் ஒன்றுதான் ஒழுங்காக அச்சடித்துக் கையில் வந்தது. ஆனால் பயிற்சிக்குப் போனவன் மிக்ஸிக்கு டிக்கெட் வைத்தால் எந்த மேனேஜர் பாஸ் பண்ணுவார்?

மொத்தமும் கூட்டிப் பார்த்தால், ஒரு எண்ணூறு ரூபாய் லாட்ஜில் தங்கியிருந்தால் எனக்குச் செலவு குறைந்திருக்கும், சாச்சிக்குத்தான் வருத்தம். இலவசத் தங்கலைப்போல விலை உயர்ந்த ஹோட்டல் சென்னையில் கிடையாது.

லாட்ஜில் தங்கினால் மட்டும் என்ன? எனக்கு முன்னால் ஃபினிஷிங் செக்‌ஷன் ஆள் ஒருவர் தைரியமாகத் தங்கி பில் கொண்டுவந்தார். அதில் ஜி.எஸ்.டி. நம்பர் எங்கே என்று கேட்டார் மேனேஜர். ஆயிரம் ரூபாய்க்கு மேற்படாத அறைக்கு 2022 ஜூலை வரை ஜி.எஸ்.டி.யே கிடையாது. அவர் தங்கியது அதற்கு முன்னால். சட்டம் இல்லாத இடத்தில் நம்பர் எங்கிருந்து வரும்? பில் என் மேஜைக்கும் மேனேஜர் மேஜைக்கும் நடந்து நடந்து, கடைசியில் எழுத்தே அழிந்துவிட்டது.

பில் விஷயத்தில் எங்கள் கம்பெனியில் மெடல் வாங்கியவர் குவாலிட்டி செக்‌ஷனில் இருக்கும் ஒரு தங்கை. சென்னைக்குள் போன வந்த பயணத்துக்கெல்லாம் வரிசையாக டிக்கெட் ஒட்டி, கூட்டிப் போட்டு, அடிக்கோடு இட்டுக் கொடுத்தார். மொத்தம்: பூஜ்யம். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. ஆனாலும் சீட்டு கொடுப்பார்கள். அந்த வவுச்சரை மேனேஜர் வாங்கிப் பார்த்து, “இப்படித்தான் இருக்கணும் வவுச்சர்னா” என்று எல்லோருக்கும் காட்டினார். பாஸ் பண்ணியும் விட்டார். என் அனுபவத்தில் ஒரு கேள்வியும் கேட்காமல் பாஸான பயண வவுச்சர் அது ஒன்றுதான்.

அரசாங்கத்தில் மட்டும் வாரி இறைக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன். 2017-இல் மத்திய அரசு போட்ட உத்தரவுப்படி, டூர் போகிற ஊழியர் லெவல் 5 வரைக்கும் என்றால் ஹோட்டலுக்கு ஒரு நாளைக்கு 450 ரூபாய் வரை என்று இருந்தது. லெவல் 14, அதற்கு மேல் என்றால் 7,500 ரூபாய் வரை. சின்ன ஊழியர் குறட்டை விடாமல் தூங்குவார் என்று நினைத்தார்களோ என்னவோ. ஆனால் ஒன்று, அங்கே தொகையாவது தாளில் இருக்கிறது. எங்களிடம் தொகை மேனேஜரின் முகத்தில் இருக்கிறது. காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று.

சட்டம் ஏதாவது சொல்கிறதா? 2025 வரை நடப்பில் இருந்த 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், பயணப்படி என்பது சம்பளத்தில் சேராது என்றது. கொடுத்தால் அது சம்பளம் ஆகாது என்றதே தவிர, கொடு என்று யாரையும் அது அதட்டவில்லை. அமெரிக்காவில் இதற்குக் கொஞ்சம் தெளிவு உண்டு. பயிற்சி நேரத்துக்குச் சம்பளம் தராமல் தப்பிக்க வேண்டுமென்றால், அது வேலை நேரத்துக்கு வெளியே இருக்க வேண்டும், நிஜமாகவே தானாக விரும்பிப் போனதாக இருக்க வேண்டும், செய்கிற வேலைக்கு நேரடிச் சம்பந்தம் இருக்கக் கூடாது, அங்கே போய் கம்பெனி வேலையும் பார்க்கக் கூடாது. நாலும் பொருந்த வேண்டும். நான் வகுப்பில் இருந்தபோது, “பாய், சோடியம் சல்பைடு எத்தனை பை இருக்கு? சாவி எங்கே வச்சீங்க?” என்று மேனேஜர் அழைத்துக்கொண்டே இருந்தார். மேல்விஷாரம் மட்டும் அமெரிக்காவில் இருந்திருந்தால் நான் கை நிறைய வாங்கியிருப்பேன்.

நம் தோலை வாங்குகிற ஜெர்மானியர்களிடம் பெரும்பாலான மாநிலங்களில் படிப்பு விடுப்பு என்றே ஒன்று இருக்கிறது. வருஷத்துக்கு ஐந்து நாள், சம்பளத்தோடு. ஆனால் படிப்புச் செலவும் போகவரச் செலவும் பொதுவாக அவரவர் கைக்காசுதான். இதைப் படித்ததும் எனக்கு ஜெர்மானியர்கள் மேல் ஒரு சகோதர பாசம் வந்தது. அவர்களுக்கு ஃபிராங்க்ஃபர்ட்டில் சாச்சி இருக்கிறாரா என்பதுதான் தெரியவில்லை.

மேலே போகப் போக எல்லாம் சுலபமாகிவிடும். இந்தப் பக்கத்து முதலாளி வீட்டுப் பிள்ளைகள் தோல் படிக்க இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டனுக்குப் போவது பழைய வழக்கம். அங்கே யாரும், “நார்த்தாம்ப்டனில் ஆள் இல்லையா?” என்று கேட்டதாகத் தகவல் இல்லை. அப்படிப்பட்ட செலவு கம்பெனிக் கணக்கில் வரலாமா என்று நீதிமன்றம் வரைக்கும்கூடப் போயிருக்கிறது. புனேயில் சகால் பத்திரிகை நடத்திய கம்பெனி, இயக்குநரின் மகளை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பிய செலவைக் கணக்கில் காட்டியது. வருமான வரித்துறை மறுத்தது. எழுபதுகளில் பம்பாய் உயர் நீதிமன்றம் அது வியாபாரச் செலவுதான் என்று சொன்னது. படித்தது வியாபாரத்துக்குப் பயன்பட வேண்டும், அதுதான் விஷயம். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் என் மக்கன் பேடாவும் வியாபாரச் செலவுதான்: அது இல்லாமல் நான் தங்கியிருக்க முடியாது, தங்காமல் படித்திருக்க முடியாது. மேனேஜரிடம் இந்த வாதத்தை வைத்தேன். “பேடாவை எந்தக் கணக்குல எழுதறது?” என்றார். ஸ்டோர்ஸ்காரனுக்கே தலைப்புத் தெரியவில்லை என்பதால் வழக்கு அங்கேயே தள்ளுபடி.

பஸ் காசு மட்டும் வந்தது. அதுவும் கோயம்பேடு வரைக்கும்.

சர்ட்டிபிகேட் வந்தபோது அதற்குக் கம்பெனி செலவில் கண்ணாடி போட்டார்கள். ஃபிரேம் கடை பில்லில் ஜி.எஸ்.டி. நம்பர் இருந்தது. இப்போது அது ரிசப்ஷனில், மெக்கா படத்துக்கும் ஏற்றுமதி விருதுக்கும் நடுவில் தொங்குகிறது. வெளிநாட்டு வாங்குவோர் சார்பில் ஒரு ஆடிட்டர் வந்தார். தண்ணீர், கழிவு, கெமிக்கல், பயிற்சி எல்லாம் பார்ப்பவர். என் சர்ட்டிபிகேட்டின் முன்னால் நின்று, இந்த ஆளைக் கூப்பிடுங்கள் என்றார். போனேன்.

“பயிற்சிக்குப் போன செலவைக் கம்பெனி கொடுத்ததா?” என்று கேட்டார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் மேனேஜரைப் பார்த்தேன். “தங்க வசதியெல்லாம் நல்லா இருந்துச்சு சார்” என்றேன். ஆடிட்டர் எழுதிக்கொண்டார். மேனேஜருக்கு மூச்சு வந்தது.

அன்று மாலை ஆடிட்டரின் வவுச்சர் என் மேஜைக்கு வந்தது. இந்த மாதிரி ஆடிட்டுகளுக்கு வருகிறவரின் போக்குவரத்தும் தங்குவதும் ஆடிட் செய்யப்படுகிற கம்பெனியின் பொறுப்பு. வேலூரில் ஏ.சி. அறை, விமான நிலையத்திலிருந்து கார், துணி துவைத்த செலவு. எல்லாவற்றுக்கும் பில் சுத்தமாக இருந்தது. கடைசி வரியில் மேனேஜரின் கையெழுத்தில்: ‘ஆற்காடு மக்கன் பேடா, பெரிய பெட்டி இரண்டு. வியாபார மேம்பாடு.’

டிக் போட்டு அனுப்பிவிட்டேன்.