எது ஆடியது?

கே: அமெரிக்கக் கறுப்பர்களின் சோல், ஃபங்க் இசை கேட்டால் கால் தானாக ஆடுமாமே? தமிழில் அப்படியொரு குழு உண்டா? முதன்முதலில் கேட்டவர்கள் என்ன சொன்னார்கள்?
- வாசகர், சித்தேரி (தர்மபுரி)

ப: ஏன் இல்லை? 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'! இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. பெயருக்கு வித்திட்டவர், சாதியற்ற தமிழர் பற்றிப் பேசிய அயோத்திதாசப் பண்டிதர். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே பந்தியில். இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாட்டாகக் கேட்டதும் சிலருக்குக் கால் ஆடியது. சிலருக்கு நாற்காலியே ஆடியது! ஃபங்க் மன்னர் ஜேம்ஸ் பிரவுன் 1968இல் கறுப்பினப் பெருமையைப் பாடியபோதும் இதே கதைதான். பாடல்கள் யூடியூபில் இருக்கின்றன. கேட்டுவிட்டு, உங்களுக்கு எது ஆடியது என்று எழுதுங்கள்.