உயரக்கோலும் குடும்ப நிதியும்: ஓர் ஆய்வு

சிறு குழந்தைகளைக் கையைக் கடிக்காமல் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்று வருவது எப்படி என்பதே இவ்வாய்வின் பொருள். இதுபற்றி முன்னாய்வு எதுவும் எம் கண்ணில் படவில்லை. எனினும் மரபு கருதி முன்னாய்வுகளுக்கென ஓர் இயல் ஒதுக்கினோம். அது இத்துடன் முடிந்தது.

ஆய்வின் எல்லை, சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் வரை, தேவைப்பட்டால் கொச்சி. ஆய்வின் கருதுகோள், குழந்தை சிரிக்க வேண்டும், தகப்பன் அழக்கூடாது என்பது. ஆய்வு அணுகுமுறை, தவணை. அச்சாலையில் பூங்கா வைத்த வி.ஜி.பி. குழுமத்தார்தாம் தமிழ்நாட்டுக்குத் தவணை முறையைப் பழக்கிய முன்னோடிகள் என்பதால், இவ்வணுகுமுறைக்குக் களத்தோடு உறவும் உண்டு.

முதலில் திணை. கேளிக்கைப் பூங்கா எந்தத் திணையைச் சேரும் என்ற கேள்வி எழும். எழாவிட்டாலும் எழுப்ப வேண்டும். இல்லையேல் கட்டுரையை யாரும் ஏற்கமாட்டார்கள். வரிசையில் இருத்தல் முல்லை. பர்ஸிலிருந்து பணம் பிரிதல் பாலை. 'நேத்தே ஆன்லைன்ல போட்டிருக்கலாம்ல' என்று தொடங்கும் ஊடல் மருதம். பஞ்சுமிட்டாய் கீழே விழ, குழந்தை இரங்கல் நெய்தல். தொலைந்த பிள்ளையை ஒலிபெருக்கியில் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்வது குறிஞ்சி. ஆக ஐந்து திணையும் ஒரே நுழைவுச்சீட்டில் கிடைக்கின்றன. அந்தச் சீட்டின் மேல் ஜிஎஸ்டி முன்பு 28 சதவீதம். 2018 ஜனவரியிலிருந்து 18.

உடை: நீர் விளையாட்டுக்குப் பருத்தி ஆகாது, நைலான் வேண்டும், ஊரிலேயே வாங்கிக்கொள்க.

உணவு: வெளி உணவுக்கு அனுமதி இல்லை, குழந்தை உணவுக்கு உண்டு. ஆறு பேருக்குக் கட்டிய புளியோதரையைக் குழந்தை உணவு என நிறுவுவது தனி முனைவர் பட்டத்துக்குரிய பொருள். அதில் யாம் தலையிடோம்.

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். அது வயது.

ரயிலில் ஐந்து வயது ஆகாத குழந்தைக்குக் கட்டணம் இல்லை. ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் இருந்து, தனிப் படுக்கை வேண்டாமென்றால் பாதி. தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளில் மூன்றாக இருந்த இலவச வரம்பு 2022-இல் ஐந்தாயிற்று. எனவே பயணத்தின்போது எல்லாக் குழந்தைகளுக்கும் நாலரை வயது. இக்கோட்பாட்டை முதலில் வகுத்தவர் எம் மூத்த மைத்துனர் (வாய்மொழி, எழும்பூர் நிலையம்). இதற்கு உள்ள ஒரே மறுப்பு குழந்தையே. பரிசோதகர் குனிந்து, "பாப்பா எத்தனாவது படிக்கிறே?" என்று கேட்ட மாத்திரத்தில், "ஒண்ணாவது பி செக்‌ஷன் அங்கிள், எனக்கு ஆறு வயசு முடிஞ்சிருச்சு!" என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி சான்று வெளியாகும். மைத்துனர் தம் கோட்பாட்டைப் பின்னர் திரும்பப் பெற்றார் (திருத்திய பதிப்பு, மனைவி அருகில் இருந்தபோது).

பூங்காக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டவர்கள். அவர்கள் குழந்தையிடம் எதுவும் கேட்பதில்லை. வாசலில் ஒரு கோலை நட்டுவிட்டார்கள். கொச்சியில் 2000-இல் வீகாலேண்ட் என்று திறந்து இன்று வொண்டர்லா என வழங்கும் பூங்காவில் 85 செ.மீ.க்குக் கீழே இலவசம். 140-ஐத் தாண்டினால் நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ, பெரியவர் கணக்கு. 85 என்ற எண்ணின் ஆழத்தை அறிஞர் உலகம் இன்னும் உணரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டு வயதுக் குழந்தையின் சராசரி உயரம் ஏறக்குறைய 86, 87 செ.மீ. அதாவது, இலவசமாக நுழைய வேண்டுமானால் இரண்டாவது பிறந்தநாளுக்குள் கிளம்பிவிட வேண்டும். அந்த வயதுக் குழந்தைக்கோ ராட்டினமும் வீட்டு வாளியும் ஒன்றுதான். அதற்கு விளங்கும் நாளில் கட்டணம் தொடங்கிவிடும்.

சிக்கல் இத்தோடு தீரவில்லை. உள்ளே போனால் பெரிய ராட்டினங்களின் வாசலில் இன்னொரு கோல் நிற்கிறது. அங்கே உயரம் குறைந்தால் ஏற்றமாட்டார்கள். ஆகவே ஒரே குழந்தை சீட்டு வாங்கும் இடத்தில் குட்டையாகவும் ராட்டினத்தடியில் நெட்டையாகவும் இருந்தாக வேண்டும். முன்னதற்கு முழங்கால் உத்தியும் பின்னதற்குக் குதிகால் உத்தியும் பரிந்துரைக்கப்படுகின்றன (கீழ்வீட்டு மாமி, 'பாவாடைக்குள் முழங்கால் மடக்கல்: செய்முறை விளக்கம்', மொட்டைமாடிச் சொற்பொழிவு, வடகம் காயும் பருவம், நடுவில் காக்கை விரட்டப்போனதால் இரண்டாம் பகுதி கிடைக்கவில்லை).

இவ்விடத்தில் அறிவியலை நாடினோம். மனிதர் காலையில் எழும்போது இரவில் இருப்பதைவிடச் சுமார் ஒரு செ.மீ. உயரமாக இருக்கிறார்கள். பகலெல்லாம் நிமிர்ந்து நடமாடுவதில் முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகள் அமுங்கிவிடும். படுத்தால் பழையபடி விரியும். சீட்டு வாங்குவது காலையில், ராட்டினம் ஏறுவது வெயில் ஏறியபின். அதாவது காசு கொடுக்கும் நேரத்தில் பிள்ளை நெட்டை, ஏறும் நேரத்தில் குட்டை. இயற்கையே நிர்வாகத்தின் பக்கம். பரிகாரம்: விடியுமுன் எழுப்பி, பள்ளிப் பையை முதுகில் மாட்டி, நான்கு தெரு நடத்துக. இதற்கெனப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. நம் கல்வித்துறை முன்பே வடிவமைத்து வைத்திருக்கிறது.

மொத்தச் செலவு எவ்வளவு? முதன்மைச் சான்று ஒன்று உண்டு (பெயர் வெளியிட விரும்பாத பெரியப்பா, பயணச் செலவுக் குறிப்பு, பால் கணக்கு நோட்டின் கடைசித் தாள், பென்சில், மூன்றாம் வரி சாம்பார்க் கறையால் சிதைந்தது. அவ்வரியை மூத்த மகள் 'லாக்கர் 100' என்றும் இளைய மகள் 'லட்டு 100' என்றும் வாசிப்பர், இரண்டாம் பாடமே சிறந்தது என்பது பெரியப்பாவின் இடுப்புச் சுற்றளவால் உறுதிப்படுகிறது). கூட்டுத்தொகை இருந்த இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது. பெரியம்மா பார்க்கக்கூடாதென்று கிழித்தது என்பர் ஒரு சாரார்.

இக்கட்டுரையை ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினோம். கட்டணத்தைக் கட்டியதும் மறுநாளே ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. காசு கட்டினால் உள்ளே விடும் இடங்களில் கேளிக்கைப் பூங்காவே மேல் என்பது எம் துணிபு. அங்கே உயரமாவது பார்க்கிறார்கள்.

இறுதியாக ஒரு கண்டுபிடிப்பு. மாமல்லபுரத்தில் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை நிற்கும் பாறைச் சரிவில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கி, பாறை எண்ணெய் தடவினாற்போல் கிடக்கிறது. உருண்டையை 1908-இல் ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னாராம்; அசையவில்லை. சரிவு பல்லவர் அமைத்த சறுக்குமரம் என்பதற்கு ஒரு கல்வெட்டும் இல்லை. ஆகவே, இத்துறையின் வழக்கப்படி, அது கல்வெட்டுக்கும் முற்பட்டது என முடிவு செய்கிறோம்.

2019 முதல் அங்கும் தொல்லியல் துறை கட்டணம் வாங்குகிறது. பெரியவருக்கு 40 ரூபாய். 15 வயதுக்குட்பட்டோருக்கு இலவசம். கோல் கிடையாது. பிள்ளைகளுக்குப் பழைய டவுசராகப் பார்த்துப் போட்டுக் கூட்டிப் போங்கள், பின்பக்கம் தேய்ந்துவிடும்.