ஸ்னாப்ஷாட் இருக்கிறதே, பிறகென்ன பயம்?

கேள்வி: எங்கள் கல்லூரியின் சான் (சேமிப்பக வலையமைப்பு) பெட்டியில் மணிக்கொரு ஸ்னாப்ஷாட் எடுக்கிறோம். பேக்கப் என்று தனியாக வேறு செலவழிக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். 5 டெராபைட் வால்யூமுக்கு ஸ்னாப்ஷாட் எப்படி ஒரே நொடியில் முடிகிறது என்று யோசித்தீர்களா? அது எதையும் நகலெடுப்பதில்லை, அதனால்தான். எந்த பிளாக்கில் என்ன இருந்தது என்ற கணக்கை அந்த நொடியில் நிறுத்தி வைக்கிறது. பிறகு ஒரு பிளாக் மாறினால் அதன் பழைய வடிவத்தை மட்டும் பத்திரப்படுத்துகிறது. மாறாத பிளாக்குகள் அசலுக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் பொதுச் சொத்து. எனவே பெட்டி போனால் இரண்டும் சேர்ந்தே போகும். மாற்றுச் சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டிய கதைதான்.

கோப்பை யாரோ அழித்துவிட்டார், அப்டேட் பாதியில் கெட்டுவிட்டது என்றால் ஸ்னாப்ஷாட்டை மிஞ்ச ஆளில்லை. தீப்பிடித்தால்? 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரிலுள்ள அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரி தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் அங்கேதான் இருந்தது. 858 டெராபைட். அவ்வளவு பெரியதை வெளியே நகலெடுப்பது கடினம் என்று விட்டுவைத்திருந்தார்கள், அத்தனையும் சாம்பலாயிற்று. ‘ரொம்பப் பெரிசு சார், அதனால் பேக்கப் இல்லை’ என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். பெரிதாக இருப்பதால்தானே இன்னொரு ஊரில் ஒரு நகல் வேண்டும்?

கேள்வி: ரெய்டு 6 போட்டிருக்கிறோமே, அது போதாதா?

பதில்: இரண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும், அழகு. ஆனால் நீங்கள் ஒரு கோப்பை அழித்தால் அதையும் எல்லா டிஸ்க்கிலும் விசுவாசமாக அழித்துக் கொடுக்கும். இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள்: செத்த டிஸ்க்குக்குப் பதிலாகப் போட்ட 20 டெராபைட் டிஸ்க் ஒன்றை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில், வேறெந்த வேலையும் குறுக்கிடாமல் எழுதி முடிக்கவே சுமார் 28 மணி நேரம். அந்த நேரமெல்லாம் மற்ற டிஸ்க்குகள் முழுமூச்சாக ஓட வேண்டும். அவையும் பெரும்பாலும் செத்த டிஸ்க்கோடு ஒரே நாளில் வாங்கியவை.

கேள்வி: லினக்ஸின் எல்விஎம் ஸ்னாப்ஷாட்டுக்கு 10 ஜிபி ஒதுக்கினேன். இரண்டே நாளில் ‘இன்வேலிட்’ என்கிறது. என்ன குற்றம் செய்தேன்?

பதில்: உங்கள் அசல் வால்யூம் சுறுசுறுப்பாக இருந்தது, அவ்வளவுதான். மாறிய பிளாக்குகளின் பழைய வடிவங்கள் அந்த 10 ஜிபியை நிரப்பிவிட்டன. ஒரு பிளாக்கை வைக்க இடமில்லாமல் போனாலும் முழு ஸ்னாப்ஷாட்டும் செல்லாது. அசலுக்கு ஒன்றும் ஆகாது. வால்யூம் குரூப்பில் காலியிடம் வைத்துக்கொண்டு, 70 சதவீதம் தொட்டதும் தானாக வளரும்படி எல்விஎம் அமைப்புக் கோப்பில் எழுதுங்கள். இயல்பாக அந்த வசதி அணைந்தே இருக்கும்.

தின் பூல் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கையில் 40 டெராபைட் வைத்துக்கொண்டு சர்வர்களுக்கு 100 டெராபைட் வாக்குக் கொடுப்பது அங்கே சகஜம். பூல் நிரம்பினால் ஸ்னாப்ஷாட்டோடு போகாது, அசல் வால்யூம்களே எழுத முடியாமல் நின்றுவிடும்.

கேள்வி: சான் பெட்டி தரும் ஒரே லன்னை இரண்டு சர்வரில் மவுண்ட் செய்தால் கோப்புகளைப் பகிரலாமா?

பதில்: சாதாரண இஎக்ஸ்டி4 என்றால் கூடவே கூடாது. இரண்டுமே தானே முதலாளி என்று நினைத்து எழுதும். ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 போன்ற கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம் போடுங்கள். இல்லையேல் லன் மாஸ்கிங் செய்து ஒரு சர்வர் கண்ணுக்கு மட்டும் காட்டுங்கள்.

கேள்வி: அவசரம். லினக்ஸில் எல்வி-ரிமூவ் கட்டளையைத் தவறான வால்யூமுக்குக் கொடுத்துவிட்டேன். கை நடுங்குகிறது.

பதில்: நடுங்கும் கையைக் கீபோர்டிலிருந்து எடுங்கள். அந்த வால்யூம் இருந்த குரூப்பில் புதிய வால்யூம் எதையும் உருவாக்காதீர்கள், எதையும் பெரிதாக்காதீர்கள். அந்தக் கட்டளை அழித்தது உங்கள் தரவை அல்ல. தரவு எங்கே இருக்கிறது என்ற குறிப்பை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் எல்விஎம் அந்தக் குறிப்பின் பழைய பிரதியை இடிசி கோப்புறையில், எல்விஎம் என்பதற்குள் இருக்கும் ஆர்க்கைவில் சேமிக்கிறது. நீக்குவதற்குச் சற்று முன் எழுதப்பட்ட கோப்பைக் கண்டுபிடியுங்கள். விஜி-சிஎஃப்ஜி-ரீஸ்டோர் கட்டளையை முதலில் சோதனை முறையில் ஓட்டி, பிறகு நிஜமாக ஓட்டுங்கள். வால்யூம் திரும்பி வந்ததும் படிக்க மட்டும் என்ற முறையில் மவுண்ட் செய்து, தரவை வேறிடத்துக்கு எடுங்கள். ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்ட ஆசை வரும். அதை நகலின் மேல் ஓட்டுங்கள்.

நீக்கும்போதே பிளாக்குகளை டிஸ்கார்ட் செய்யும்படி அமைத்திருந்தாலோ, அது தின் வால்யூமாக இருந்தாலோ இந்த வழி பலிக்காது. அப்போது உங்களுக்கு மிச்சம் பேக்கப்தான்.

கேள்வி: பேக்கப் தினமும் ஓடுகிறது. சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: மீட்டுப் பார்த்தால்தான் தெரியும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் துணை டேட்டாபேஸ் சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரின் தரவை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. தினசரி பேக்கப்பைத் தேடினால் சேமிப்பிடம் காலி. டேட்டாபேஸ் ஒரு பதிப்பு, பேக்கப் கருவி வேறொரு பதிப்பு. அதனால் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களோ போய்ச் சேரவே இல்லை. கடைசியில் காப்பாற்றியது, ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு சோதனைக்காகக் கையால் எடுத்த எல்விஎம் ஸ்னாப்ஷாட். அதுவும் சோதனைச் சர்வரில் இருந்தது. அங்கே டிஸ்க் மெதுவானது, நகலெடுக்கவே சுமார் 18 மணி நேரம் பிடித்தது. நடந்தது முழுவதையும் அந்த நிறுவனம் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டது. அதை மனமாரப் பாராட்டுகிறேன்.

இந்தச் சனிக்கிழமை ஒரு வால்யூமைத் தேர்ந்தெடுத்து, பேக்கப்பிலிருந்து வேறொரு மெஷினில் மீட்டுப் பாருங்கள். கோப்புகளைத் திறந்து பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள். ‘எப்போது திரும்ப வரும்?’ என்று முதல்வர் அறையிலிருந்து போன் வரும்போது அந்த எண்ணைத்தான் சொல்லப் போகிறீர்கள்.