திருவொற்றியூர் நேரம் மூன்றரை

ஊருக்குப் போய்த் திரும்பிய முதல் வாரத்தில் சிங்கப்பூரில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "என்ன, செட்டில் ஆயாச்சா?" லிஃப்டில் கேட்கிறார்கள். தேக்காவில் கறிவேப்பிலை வாங்கும்போது கேட்கிறார்கள். ஆச்சு என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன். எனக்கு ஆகிவிட்டது. பிள்ளைகள் இரண்டும் இன்னும் திருவொற்றியூர்க் காலடிப்பேட்டையில்தான் இருக்கின்றன, உடம்பு மட்டும் விமானத்தில் வந்திருக்கிறது.

காலடிப்பேட்டை என்றதும் யாரோ சாமியின் பாதம் பட்ட இடம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். காலெட் என்ற வெள்ளைக்கார கவர்னர் 1717-ல் மதராஸில் பதவிக்கு வந்தார், 1720-ல் பதவியை விட்டார். நெசவாளர்களைக் குடியேற்றிய அந்தப் பேட்டை அவர் பெயரை வைத்துக்கொண்டு, நாளாவட்டத்தில் காலடி ஆக்கிவிட்டது. மூன்று வருஷ கவர்னருக்கு ஒரு மெட்ரோ ஸ்டேஷனே இருக்கிறது. நான் சிங்கப்பூருக்கு வந்து பதினோரு வருஷம். கரண்ட் பில்லில் இன்னும் என் பெயர் தப்பு.

சிங்கப்பூர்க் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் ராத்திரி பகலாகிப்போனதைப் பெருமையாகச் சொல்வார்கள், நாமும் உச்சுக்கொட்டுவோம். இரண்டரை மணி நேரத்துக்கு யாரும் உச்சுக்கொட்டுவதில்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் பெரியவனுக்கு ஆறரைக்கு ஸ்கூல் பஸ். ஆறு மணிக்கு எழுப்பினால் திருவொற்றியூரில் மூன்றரை. அந்நேரம் அங்கே முழித்திருப்பது காசிமேட்டுக்கு மீன் ஏலம் எடுக்கப் போகிறவர்களும், துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிக்காரர்களும்தான். அவர்களாவது நாலு காசு பார்ப்பார்கள். இவன் கண்ணைத் திறக்காமலே பல் தேய்க்கிறான், கண்ணைத் திறக்காமலே சாக்ஸ் போடுகிறான். ஒருநாள் இரண்டு சாக்ஸையும் ஒரே காலில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

ஐந்து வயதுச் சின்னவள் ராத்திரி பதினோரு மணிக்குக் கட்டில்மேல் குதிக்கிறாள். அதட்டினால், "ஆயா வூட்ல இன்னும் எட்டரதான்பா" என்கிறாள். கழித்தல் கணக்கு இன்னும் சொல்லித்தரவில்லை. இது மட்டும் எப்படி வருகிறதோ.

பரம்பரை வாசனையாக இருக்கலாம். என் ஆயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், ரங்கூன்காரர். 1964-ல் பர்மா அரசாங்கம் கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டதும், ஒரு டிரங்குப் பெட்டியோடு மெட்ராஸுக்குக் கப்பலேறியவர். அப்படி வந்த ஜனங்கள் குடியேறிய பர்மா நகர் இன்றும் எர்ணாவூர்ப் பக்கம் இருக்கிறது. ரங்கூன் நேரம் நம் நேரத்துக்கு ஒரு மணி முன்னே. ஆயா பல வருஷம் வீட்டுக் கடிகாரத்தை மாற்ற விடவில்லையாம். அப்பா ஸ்கூலுக்கு எப்போதும் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், பூட்டிய கேட் முன்னால் குந்திக்கொண்டிருப்பாராம்.

தூக்கத்துக்கு இன்னொரு எதிரி, அமைதி. எங்கள் வீடு வெஸ்ட் கோஸ்ட் பக்கம், பன்னிரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தின் கிரேன்கள். ஒரு துறைமுகத்தின் கொல்லையில் பிறந்தவன் இன்னொரு துறைமுகத்தின் கொல்லைக்குக் குடிவந்திருக்கிறேன். ஆனால் இங்கே பெட்டி ஏறுவது கண்ணுக்குத் தெரியும், காதில் விழாது. ஹாரன் அடிக்காத வண்டியை என் மகன் லாரி என்றே ஒத்துக்கொள்வதில்லை. "பயமாகீதுப்பா, ஒண்ணுமே கேக்கல" என்று நடுராத்திரியில் எழுந்து வந்தான்.

மறுநாள் படுக்கும் நேரத்தில் என் அம்மாவுக்குப் போன் போட்டோம். அம்மா போனை ஜன்னல் கம்பியில் சொருகிவிட்டு சீரியல் பார்க்கப் போய்விட்டார். எக்ஸ்பிரஸ் ரோடு முழுசும் ஸ்பீக்கரில் எங்கள் படுக்கையறைக்குள் வந்தது. ஏர் ஹாரன், ரிவர்ஸ் எடுக்கும்போது வரும் டொய்ங் டொய்ங் பாட்டு, நடுவில் ஒரு கிளீனர் "வா, வா, வா... ஒடி, ஒடி... ஹோல்டேய்!" பத்து நிமிஷத்தில் இரண்டும் குறட்டை. அந்த ரோட்டு நெரிசலைக் கையெடுத்துக் கும்பிட்ட ஒரே ஜீவன் என் மனைவியாகத்தான் இருக்கும்.

பெட்டியில் வந்த நெத்திலிக் கருவாடு மூன்று பாலிதீன் பையையும் ஒரு தினத்தந்தியையும் மீறி லிஃப்ட் வரைக்கும் போனது தனிக்கதை. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி மூக்கைச் சுருக்குவார் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் "இக்கான் பிலிஸ்?" என்று கேட்டு, வேர்க்கடலையோடு எப்படி வறுப்பது என்று நாலாவது மாடி வரும்வரை பாடம் எடுத்தார்.

உண்மையான வம்பு தமிழ் வகுப்பிலிருந்து வந்தது. 'என் விடுமுறை' என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இவன் எழுதியது: "லீவுக்கு ஆயா வூட்டுக்குப் போனோம். ஆயா நாஸ்தா குடுத்தாங்க. ஆயா மாடில குந்திக்கினு வத்தல் போட்டாங்க. ஆயா அப்பாவைத் திட்டுனாங்க. அப்பா கம்முனு இருந்தாரு."

தஞ்சாவூர்ப் பக்கத்து டீச்சர். சாயந்திரம் போனில் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். வீட்டு வேலைக்கு வச்சிருக்கிறவங்க பிள்ளைங்க முன்னாடியே உங்களை இப்படித் திட்டலாமா?"

"மிஸ், அது எங்கம்மா. எங்க பக்கம் பாட்டியை ஆயான்னுதான் சொல்லுவோம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஓ, அம்மாவா? அப்ப சரி சார்" என்று வைத்துவிட்டார்.

நோட்டில் நாஸ்தாவை அடித்து 'பசியாறினோம்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. இருக்கட்டும். நாஸ்தா உருது, நைனா தெலுங்கு. வந்து இறங்கிய பாஷையெல்லாம் தங்கிவிட்ட வாய் எங்களுடையது. ஆனால் குந்துவதையும் அடித்ததுதான் பொறுக்கவில்லை. அது நல்ல பழந்தமிழ்ச் சொல். போன் பண்ணிச் சொல்லலாமா என்று பார்த்தேன். மனைவி முறைத்தாள். கம்முனு இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டும் அத்தோ வேண்டும் என்று அடம். ராயபுரத்துத் தள்ளுவண்டியில் தினம் சாப்பிட்ட பர்மா நூடுல்ஸின் ருசி. பர்மாக்காரர்கள் கூடும் இடம் சிட்டி ஹால் பக்கத்துப் பெனின்சுலா பிளாசா. அசலே கிடைக்கும் என்று மார்தட்டி அழைத்துப்போனேன். கடைக்காரர் பர்மியர், நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து தந்தார். என் ஆயா இருந்திருந்தால் அழுதிருப்பார்.

மகன் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினான். "இது அத்தோ இல்ல. கலரே இல்ல. வாழத்தண்டு சூப்பு எங்க?"

கடைக்காரர் என்ன குறை என்று இங்கிலீஷில் கேட்டார். ராயபுரத்தில் வேறு மாதிரி இருக்குமாம் என்றேன். அவர் ரொம்ப நேரம் யோசித்தார்.

"ராயபுரமா? பர்மாவில் அது எந்தப் பக்கம்?"

சின்னவள் முந்திக்கொண்டாள். "தண்டையார்பேட்டை பக்கம்."